கிங்ஸ்மென்: குரல் ஒருவருடையது, பெயர் இன்னொருவர் கையில். அப்படியென்றால் குழு யாருடையது?

#1 பழையகேசட்

இரண்டு வாரமாக ஒரே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று நிமிடம்கூட வராது. "அந்த லூயியை நிறுத்தப் போறியா இல்லையா" என்று அம்மா கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. இங்கே கொட்டினால்தான் தலையை விட்டு இறங்கும் போலிருக்கிறது.

கிங்ஸ்மென். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரத்துப் பையன்கள். ஐம்பதுகளின் கடைசியில் பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்த கராஜ் ராக் குழு. 1963 ஏப்ரல் 6ஆம் தேதி உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றுக்குப் போய், ஐம்பது டாலர் செலவில் 'லூயி லூயி' பாட்டைப் பதிவு செய்தார்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பாட்டும் ரிதம் கிட்டாரும் ஜாக் ஈலி. டிரம்ஸ் லின் ஈஸ்டன். லீட் கிட்டார் மைக் மிட்சல். பேஸ் பாப் நார்ட்பி. கீபோர்டு டான் கலூச்சி, அப்போது அவருக்குப் பதினைந்து வயது.

அதே வருடம் ஆகஸ்டில் ஈலியும் நார்ட்பியும் வெளியே போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பாட்டு நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. அமெரிக்காவின் ஹிட் பாட்டு வரிசையான பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ரேடியோவில் கேட்ட குரல் ஈலியுடையது. மேடையில் மைக்கைப் பிடித்து நின்றது ஈஸ்டன்.

அப்புறம் அறுபது வருடம். ஒருவர் போனார், இருவர் வந்தார்கள், பேஸ் வாசிப்பவர் மாறினார், கீபோர்டு மாறியது. ஈஸ்டனும் 1967இல் போய்விட்டார். அந்த ஐவரில் கடைசி வரை அந்தப் பெயரில் மேடை ஏறியவர் மிட்சல் மட்டும்தான். அவரும் 2021இல் காலமானார்.

என் கேள்வி இதுதான்: இதில் கிங்ஸ்மென் என்பது யார்? குரல் கொடுத்துவிட்டு வெளியேறியவரா, பெயரை வைத்திருந்தவரா, ஒவ்வொரு ராத்திரியும் போய் வாசித்தவரா? எனக்கு ஒரு பதில் இருக்கிறது. முதலில் நீங்கள் சொல்லுங்கள்.


#2 புதுக்காது

கராஜ் ராக் என்றால் என்ன அண்ணா? கார் ஷெட்டில் வாசிப்பதா? கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாது.


#3 ஆறாம்கம்பி

கிட்டத்தட்ட அதேதான் தம்பி. வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்தும் அறை அந்த ஊர் வீடுகளில் சாதாரணம். காரை வெளியே எடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை உள்ளே தள்ளினால் ரிகர்சல் ஹால் தயார். அறுபதுகளின் முற்பாதியில் ஊருக்கு ஊர் பையன்கள் இப்படித்தான் பழகினார்கள். அப்போது யாரும் இதைக் கராஜ் ராக் என்று சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து, பழைய ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்துத் தொகுத்தவர்களும் விமர்சகர்களும் ஒட்டிய பெயர் அது.

'லூயி லூயி'யில் மூன்றே கார்டுதான், அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரக் கட்டு: ஏ, டி, ஈ மைனர், திரும்ப டி. முடிந்தது. என்னிடம் கிட்டார் கற்க வரும் பையனுக்கு இரண்டாவது வாரமே இதைக் கொடுத்துவிடுவேன். வாசித்துவிடுவான். ஆனால் அந்த ரெக்கார்டு மாதிரி ஒலிக்காது. ஏன் என்று யோசித்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கும்.

பாட்டை எழுதியவர் லாஸ் ஏஞ்சலீஸ்காரரான ரிச்சர்ட் பெரி. கறுப்பினப் பாடகர். 1957இல் அவரே பாடி வெளியிட்டார். லத்தீன் நடையில் இடுப்பை மட்டும் ஆட்டிக்கொண்டு போகிற, சோம்பலான அழகான பாட்டு. கதையும் சாதுவானது. கப்பலோட்டி ஒருவன் லூயி என்கிற மதுக்கடைக்காரனிடம், ஜமைக்காவில் காத்திருக்கும் தன் காதலியைப் பற்றிப் புலம்புகிறான். அவ்வளவுதான். 1961இல் டக்கோமா நகரத்து வெய்லர்ஸ் குழுவும் பாடகர் ராக்கின் ராபின் ராபர்ட்ஸும் அதை முறுக்கேற்றினார்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலை முழுவதும் அந்த ரெக்கார்டு பரவியது. கடற்கரை ஊர் ஒன்றின் டான்ஸ் கிளப்பில், ஜூக்பாக்ஸில் காசு போட்டுப் போட்டு அதற்கே எல்லோரும் ஆடுவதை ஈலி பார்த்தார். நமக்கும் இது வேண்டும் என்று குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. வெய்லர்ஸ் ரெக்கார்டில் எண்ணிக்கை ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, ஒன்று-இரண்டு. ஈலி நினைவிலிருந்து எடுத்தபோது ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு என்று ஆகிவிட்டது. ஒரு தட்டு காணாமல் போனது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த லூயி லூயி அந்தத் தட்டு விட்டுப்போன லூயி லூயிதான்.

அதனால் என் ஓட்டு ஈலிக்கு.


#4 தாளக்காரன்

எல்லோரும் பாடகரையே பேசுகிறீர்கள். டிரம்ஸ் வாசித்தவனுக்காக ஒருவராவது பேச வேண்டாமா? சரி, நான் பேசுகிறேன்.

நடுவில் வரும் கிட்டார் சோலோ முடிந்ததும் என்ன நடக்கிறது என்று ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். ஈலி மூன்றாவது சரணத்தை முன்கூட்டியே எடுத்துவிடுகிறார். இரண்டு வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் மற்றவர்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று தெரிகிறது. நிறுத்திவிடுகிறார். அந்த ஓட்டையில் ஈஸ்டன் டிரம்ஸில் ஒரு ரோல் போட்டு அடைக்கிறார். குழு சுற்றி வந்து சேர்கிறது, ஈலி சரியான இடத்தில் மறுபடி எடுக்கிறார். திருத்தம் இல்லை, ரெண்டாவது டேக் இல்லை. அப்படியே வெளியிட்டார்கள். பின்னால் இந்தப் பாட்டை வாசித்த எத்தனையோ குழுக்கள் அந்தத் தப்பையும் சேர்த்தே வாசித்தன.

நான் எட்டு வருடம் கல்யாண மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். ஒரு வரவேற்பில், இரண்டாவது இடையிசை முடியாமலேயே பாடகர் சரணத்தை எடுத்துவிட்டார். கீபோர்டுகாரர் என்னைப் பார்க்கிறார், நான் பேஸ்காரரைப் பார்க்கிறேன், பாடகர் எங்களைப் பார்த்து முழிக்கிறார். டாம்டாமில் ஆரம்பித்து ஃப்ளோர் டாம் வரை ஒரு நீண்ட ரோல் இறக்கிச் சிம்பலில் முடித்தேன். எல்லோரும் சேர்ந்துகொண்டோம். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைப் புது அயிட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அன்று பாடகருக்குப் பொன்னாடை. எனக்கு வழக்கம்போல மூன்றாவது பந்தியில் சாப்பாடு.

பெயரை ஈஸ்டன் அம்மா பதிவு செய்துவைத்திருந்தார், சூழ்ச்சி, துரோகம் என்றெல்லாம் அடுத்து ஆரம்பிப்பீர்கள். ஆரம்பியுங்கள். ஆனால் அந்த ரோல் இல்லையென்றால் அந்த ரெக்கார்டு இல்லை.


#5 பழையகேசட்

தாளக்காரன் சார், ரோலுக்குக் கும்பிடு. ஆனால் ஆகஸ்டில் நடந்ததை மூடி மறைக்க முடியாது.

ஈலியும் ஈஸ்டனும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள், இரண்டு குடும்பமும் பழக்கம். அப்படி இருக்க, ஒரு ரிகர்சலில் ஈஸ்டன் அறிவிக்கிறார்: இனி நான் முன்னால் நின்று பாடப்போகிறேன், சாக்ஸஃபோனும் நான்தான், ஜாக், நீ டிரம்ஸுக்குப் போ. ஈலிக்கு டிரம்ஸ் வாசிக்க வராது. ஒத்துக்கொள்ள முடியாது என்று சண்டை போட்டால், குழுவின் பெயர் தன்னுடையது என்று ஈஸ்டன் சொல்கிறார். அவருடைய அம்மா முன்பே அதைப் பதிவு செய்துவிட்டிருந்தார். ஈலி கோபித்துக்கொண்டு கிளம்ப, நார்ட்பியும் கூடவே போய்விட்டார்.

அப்போது அந்த ரெக்கார்டு ஓடாத ரெக்கார்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜெர்டன் என்கிற சின்ன கம்பெனி போட்டது. சில நூறுதான் விற்றிருந்தது. அதே சமயம் அதே ஸ்டூடியோவில் அதே பாட்டைப் பதிவு செய்த பால் ரிவியர் அண்ட் த ரெய்டர்ஸ் குழுவின் ரெக்கார்டுதான் உள்ளூரில் நன்றாகப் போனது. அவர்களைக் கொலம்பியா கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆக, ஈஸ்டன் கைப்பற்றியது தங்கச் சுரங்கம் ஒன்றும் இல்லை. வார இறுதியில் பையன்கள் ஆடும் நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கும் உள்ளூர்க் குழு ஒன்றை. அக்டோபரில் போஸ்டன் நகரத்து ரேடியோ அறிவிப்பாளர் ஆர்னி கின்ஸ்பர்க் அதை வாரத்தின் மகா மோசமான ரெக்கார்டு என்று சொல்லிப் போட்டார். போட்ட மாத்திரத்தில் கடைகளில் ஆட்கள் அதைக் கேட்டு வந்தார்கள். வாண்ட் என்கிற நியூயார்க் கம்பெனி உரிமை வாங்கி நாடு முழுக்க இறக்கியது.

இப்போது ஈஸ்டனுக்குச் சிக்கல். கூட்டம் கேட்பது ஈலியின் குரலை. பல்லில் கம்பி கட்டியிருந்த பையன், தலைக்கு மேல் தொங்கிய மைக்கை நோக்கிக் குதிகாலை உயர்த்திக் கத்திய கத்தல் அது. அதை எப்படித் திரும்பச் செய்வது? டிவியில் ஈஸ்டன் வாயசைத்தார். முதல் ஆல்பம் மேடை நிகழ்ச்சிப் பதிவு என்று வந்தது. அதில் இந்தப் பாட்டுக்கு மட்டும் பழைய ஸ்டூடியோ டேக்கையே எடுத்து, கூட்டத்தின் சத்தத்தை மேலே தூவிவிட்டார்கள்.


#6 தாளக்காரன்

அந்தக் காலத்து டிவியில் பாதிப் பேர் வாயசைத்தவர்கள்தான் சார்.


#7 ஆறாம்கம்பி

தங்கள் குரலுக்குத் தாங்களே வாயசைத்தார்கள். அடுத்தவன் குரலுக்கு இல்லை. தாளக்காரரே, உங்கள் ரோலுக்கு இன்னொருவன் மேடையில் குச்சியை ஆட்டிவிட்டுப் பொன்னாடை வாங்கியிருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா?


#8 தாளக்காரன்

...அது வேறு.

சரி, அது வேறு இல்லை.


#9 வக்கீல்வீட்டுப்பூனை

பெயர், உரிமை என்று பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். இந்தக் குழுவின் வாழ்க்கையில் கச்சேரிக்குச் சமமாகக் கோர்ட்டும் இருக்கிறது.

முதல் சுற்று அறுபதுகளின் நடுவில். வெளியே போன ஈலி தானும் ஒரு கிங்ஸ்மெனை அமைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒரே பெயரில் இரண்டு குழு. கடைசியில் சமரசம் ஆனது. ஈலி அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, ஈஸ்டன் ஈலியின் குரலுக்கு வாயசைக்கக் கூடாது, இனி அச்சாகும் ரெக்கார்டு லேபிளில் முதன்மைக் குரல் ஜாக் ஈலி என்று போட வேண்டும், ஈலிக்கு ஆறாயிரம் டாலர். வாங்கிக்கொண்டு கோர்ட்மென் என்று பெயரை மாற்றிக்கொண்டார். கோர்ட்டுக்குப் போய் வந்தவர் வைத்த பெயர் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அரசவை ஆட்கள் என்ற பொருளும் அதற்கு உண்டு. பிறகு ராணுவத்துக்கு அழைப்பு வந்து அதுவும் கலைந்தது.

இரண்டாவது சுற்று 1983, நியூயார்க் கோர்ட். கே-டெல் என்கிற தொகுப்பு ஆல்பம் கம்பெனி, ஈலியை வைத்து லூயி லூயியைப் புதிதாகப் பாடவைத்து, கிங்ஸ்மென் என்றே பெயர் போட்டு விற்றது. மற்ற கிங்ஸ்மென்கள் தடை கேட்டார்கள். இங்கே கவனியுங்கள்: அசல் ரெக்கார்டில் பாடியவரே பாடியிருக்கிறார். ஆனாலும் கோர்ட் தடை கொடுத்தது. பாடகர் ஒருவர் மட்டும் வந்துவிட்டால் அது குழு ஆகிவிடாது, வாங்குகிறவர் முழுக் குழுவும் வாசித்தது என்று நினைத்து ஏமாறுவார் என்பதுதான் சாரம்.

எனவே பழையகேசட் கேட்ட கேள்விக்கு ஒரு நீதிபதி ஏற்கனவே அரைப் பதில் சொல்லிவிட்டார். குரல் மட்டும் குழு இல்லை.

மூன்றாவது சுற்றுதான் பெரியது. 1968இல் போட்ட ஒப்பந்தப்படி, ரெக்கார்டிங் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு லாபத்திலும் உரிமக் கட்டணத்திலும் 9% இவர்களுக்கு என்று பேச்சு. உரிமை பிறகு வேறு வேறு கம்பெனிகளின் கைக்குப் போனது. படம், விளம்பரம், தொகுப்பு ஆல்பம் என்று பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. 1993இல் வழக்குப் போட்டார்கள். பணத்தைக் கொடு என்று கேட்டிருந்தால் பழைய பாக்கியில் பெரும்பகுதி காலாவதி ஆகியிருக்கும். இவர்கள் ஒப்பந்தத்தையே ரத்து செய்து அசல் டேப்பைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். கெட்டிக்காரத்தனம். ஜெயித்தார்கள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. டேப்பும், வழக்குப் போட்ட நாளிலிருந்து வந்த வருமானமும் இவர்களுக்கு.

அந்த வழக்கின் பெயர் 'பீட்டர்சன் எதிர் ஹைலேண்ட் மியூசிக்'. பீட்டர்சன் யார்? 1963 கடைசியில் டிரம்ஸுக்கு வந்து சேர்ந்த டிக் பீட்டர்சன். அதாவது, லூயி லூயி பதிவான அன்று அந்த அறையிலேயே இல்லாதவர்.


#10 ஆறாம்கம்பி

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாடியவருக்கு ஆறாயிரம், பாட்டு பதிவான பிறகு வந்தவருக்கு டேப்பா?


#11 வக்கீல்வீட்டுப்பூனை

இல்லை, அப்படிப் பார்க்காதீர்கள். வழக்கில் ஈஸ்டனும் மிட்சலும்கூட இருந்தார்கள். பீட்டர்சன் பேரில் கோபப்பட ஒன்றும் இல்லை. வந்த நாளிலிருந்து அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு ஊர் சுற்றியவர். ஐந்து வருட வழக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் ஆள் வேண்டுமே. வெளியேறிப் போனவர்களால் அது முடிந்திருக்குமா?


#12 புதுக்காது

இதெல்லாம் படித்துவிட்டு இப்போதுதான் பாட்டைக் கேட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை! எனக்கு இங்கிலீஷ் சுமார் என்பதாலா?


#13 பழையகேசட்

கவலைப்படாதே தம்பி. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கே புரியவில்லை.

1964 ஆரம்பத்தில் பெற்றோர்கள் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் அப்போது நாட்டின் அட்டர்னி ஜெனரல். இந்தப் பாட்டில் ஆபாசம் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புகார். பள்ளிகளில் பையன்கள் தாங்களே எழுதிய 'உண்மையான வரிகள்' காகிதத்தில் கைமாறிக்கொண்டிருந்தன, ஒன்றுக்கொன்று பொருந்தாமல். இண்டியானா மாநில கவர்னர் மேத்யூ வெல்ஷ் ரேடியோக்களில் போடாதீர்கள் என்றார். எஃப்பிஐ ரெக்கார்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மெதுவாக ஓட்டியது, வேகமாக ஓட்டியது. எந்த வேகத்தில் ஓட்டினாலும் புரியவில்லை என்று எழுதிவைத்தது. இரண்டரை வருடத்துக்கு மேல் இந்தக் கூத்து. எழுதப்பட்ட வரிகள் பதிப்புரிமைப் பதிவில் சுத்தமாக இருந்தன. பாடிய ஈலியை மட்டும் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரெக்கார்டில் நிஜமாகவே ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. ஏறக்குறைய 54ஆவது விநாடியில், பின்னால், தூரத்தில். குச்சி தவறிய கடுப்பில் ஈஸ்டன் கத்தியது. வரிகளையே துருவிக்கொண்டிருந்த எஃப்பிஐயின் காதில் அது விழவில்லை.


#14 தாளக்காரன்

பார்த்தீர்களா? மறுபடியும் டிரம்மர்.


#15 ஓரிகன்மழை

நான் போர்ட்லண்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இந்த ஊரைப் பற்றித் தமிழில் இவ்வளவு நீளமாக யாராவது எழுதி இதுவரை பார்த்ததில்லை. ஊரில் அந்தப் பாட்டு பதிவான கட்டடம் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன்: தென்மேற்கு 13ஆவது அவென்யூ. சுவரில் நினைவுப் பலகை ஒன்று உண்டு. ஸ்டூடியோ எப்போதோ போய்விட்டது. முதல் தடவை நான் பலகையைக் கவனிக்காமல் அதன் கீழேயே மழைக்கு ஒதுங்கி நின்று பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவைவிட்டுப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் பேசவில்லையே? எனக்கு அதுதான் பிடித்த பகுதி.

கலூச்சிக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நாடு சுற்ற முடியவில்லை. அவர் இடத்துக்கு பேரி கர்ட்டிஸ் வந்தார். கலூச்சி பிறகு சொந்தக் குழு நடத்தினார், அப்புறம் எலெக்ட்ரா கம்பெனியில் தயாரிப்பாளர் ஆனார். ஸ்டூஜஸ் குழுவின் 1970 ஆல்பம் ஃபன் ஹவுஸ் அவர் தயாரித்தது. பங்க் இசைக்கு முன்னோடி என்று எல்லோரும் கும்பிடும் ஆல்பம். குழுவை ஸ்டூடியோவில் மேடைபோலவே நிறுத்தி, ஒன்றாக வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். பதினைந்து வயதில் இதே ஊரில் ஒரே அறையில் ஐந்து பேராக நின்று வாசித்தது அவருக்கு மறந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்த ஸ்டூஜஸ் பாடகர் இகி பாப் பிற்பாடு லூயி லூயியை விடாமல் பாடித் திரிந்ததும் தெரிந்ததுதானே.

நார்ட்பிக்குப் பிறகு பேஸுக்கு வந்தவர் நார்ம் சண்ட்ஹோம். பாட்டு ஹிட்டானதும் பெரிய பெரிய அரங்குகளில் வாசிக்க வேண்டி வந்தது. இவருடைய பேஸ் ஆம்ப் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. கடையில் அதைவிடப் பெரியது கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து தாங்களே ஒன்றைச் செய்தார்கள். அதுவே சன் ஆம்ப்ளிஃபயர் கம்பெனி ஆனது, போர்ட்லண்டுக்குத் தெற்கே டுவாலட்டினில். த ஹூ, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எல்லாம் அந்த ஆம்ப் வைத்து வாசித்தார்கள். ஒரு மூன்று கார்டு பாட்டு ஹிட்டானதால் பேஸ்காரருக்குச் சத்தம் போதாமல் போய், அதனால் பின்னாளில் உலகத்தின் காது கிழிந்தது.

ஃப்ரெடி டென்னிஸ் என்று இன்னொரு பேஸ்காரர். கிங்ஸ்மெனில் வாசித்துவிட்டு, பல வருடம் கழித்து டக்கோமாவின் சோனிக்ஸ் குழு மீண்டும் கிளம்பியபோது அதில் போய்ச் சேர்ந்தார். இந்த வடமேற்கு மூலையில் எல்லாக் குழுவும் ஒரே கூட்டுக்குடும்பம் மாதிரி. யார் எந்த வீட்டுச் சமையலறையில் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கு வைக்க முடியாது.

ஈலி கடைசியில் மத்திய ஓரிகனில் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 2015இல் காலமானார்.


#16 ஆறாம்கம்பி

சன் ஆம்ப் விஷயம் எனக்கே தெரியாது. நன்றி மழை அக்கா.


#17 ஓரிகன்மழை

அண்ணன் :)


#18 ஆறாம்கம்பி

மன்னிக்கவும் அண்ணா!


#19 மூன்றாம்வரிசை

பாட்டை எழுதிய பெரியை ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். 1959இல், கல்யாணச் செலவுக்காக இந்தப் பாட்டு உட்பட சில பாட்டுகளின் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார் மனுஷர். நான்கு வருடத்தில் அது உலகப் பாட்டு ஆனது. இருபது வருடத்துக்கும் மேல் சும்மா வேடிக்கை பார்த்தார். எண்பதுகளில்தான் உரிமையில் பெரும்பங்கு திரும்பி வந்து நல்ல பணம் பார்த்தார். 1997இல் காலமானார். கிங்ஸ்மென் யாருடையது என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த 750 டாலர்தான் உறுத்துகிறது. நிச்சயம் பண்ணிவிட்டுக் கையில் காசில்லாமல் அலைந்தவர்களுக்கு அது புரியும்.


#20 பழையகேசட்

மூன்றாம்வரிசை, நியாயம். இழையை அவரிடமிருந்தே ஆரம்பித்திருக்க வேண்டும்.

என் பதிலைச் சொல்கிறேன் என்றேனே. நான் மிட்சல் கட்சி.

எல்லோரும் சோலோவைத் தாண்டிப் போய் ரோலைப் பற்றிப் பேசினீர்கள். அந்த சோலோவைத் திரும்பக் கேளுங்கள். கரடுமுரடு. கம்பியை இழுத்துக் கடித்துத் துப்புகிற மாதிரி. பத்தொன்பது நிரம்பாத பையன் வாசித்தது. அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் அதை அவர் எத்தனை ஊரில் வாசித்திருப்பார்! ஈலி போனார், மிட்சல் வாசித்தார். ஈஸ்டன் போனார். அறுபதுகளின் கடைசியில் குழுவே கொஞ்ச நாள் நின்றுபோனது, எழுபதுகளில் பீட்டர்சன், கர்ட்டிஸுடன் மறுபடி கிளம்பி அதையே வாசித்தார். பழைய பாட்டுகளுக்கு மவுசு திரும்பியபோது, கிங்ஸ்மென் என்று போர்டு போட்ட இடத்தில் வந்து நின்ற அசல் ஆள் அவர் ஒருவர்தான். பெயருக்காகச் சண்டை போட்டவர் என்றோ, முன்னால் வந்து நிற்கத் துடித்தவர் என்றோ அவரைப் பற்றி எங்கேயும் படித்ததில்லை.

ஈலிக்கு அநியாயம் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேலையைப் பிரமாதமாகச் செய்வதும் அந்த வேலையைத் தினம் போய்ச் செய்வதும் ஒன்றில்லை. குழு என்பது இரண்டாவது ரகத்தில் வருகிறது என்பது என் கட்சி.


#21 ஆறாம்கம்பி

சோலோ விஷயத்தில் முழுச் சம்மதம். நான் அதை அச்சாக வாசிக்க முயன்று மூன்று மாதம் வீணடித்தவன். ஸ்வரம் எல்லாம் சரியாக வரும், அந்த அலட்சியம் வராது.

ஆனால் தினம் போய் வாசித்தார் என்கிறீர்களே, எதை வாசித்தார்? ஈலி தப்பாகச் சொல்லிக் கொடுத்த தாளத்தைத்தான்.


#22 வக்கீல்வீட்டுப்பூனை

1965இல் இவர்களுக்கு இன்னொரு பெரிய ஹிட்டும் உண்டு, 'ஜாலி கிரீன் ஜயண்ட்'. பச்சைப் பட்டாணி டின்னில் வரும் பூதத்தை வைத்து ஒரு தமாஷ் பாட்டு. நான்காம் இடம் வரை போனது. ஈலி இல்லாமல் வந்த வெற்றி அது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?


#23 ஆறாம்கம்பி

கேட்டிருக்கிறேன். அதனால்தான் சொல்லவில்லை.


#24 ஓரிகன்மழை

ஒன்று கவனித்தீர்களா? பெரி பிறந்தது ஏப்ரல் 11. பாட்டு பதிவானது ஏப்ரல் 6. ஈலி இறந்தது 2015 ஏப்ரல் 28. ஈஸ்டன் 2020 ஏப்ரல் 18. மிட்சல் 2021 ஏப்ரல் 16, அன்று அவருக்கு 77ஆவது பிறந்த நாள். எனக்கு இந்த மாதிரி நம்பிக்கை எல்லாம் கிடையாது, ஆனாலும் எழுதிவைத்தேன்.

அண்ணாத்த, மிட்சல் விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் டான்ஸுக்குப் போனவர். கிங்ஸ்மென் யாருடையது என்று அவரிடம் கேட்டேன். யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள் என்று அவருக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாதாம். முகத்தைப் பார்க்க யார் போனார்கள் என்று திருப்பிக் கேட்டார். பதிவுக்கு முந்தைய நாள் ராத்திரி இவர்கள் ஒரு கிளப்பில் இந்த ஒரே பாட்டை ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் வாசித்தார்கள் என்று சொல்வார்களே, அதைச் சொன்னேன். "ஒன்றரை மணி நேரம்தானா" என்றார்.


#25 புதுக்காது

இன்று ஹெட்ஃபோன் கடன் வாங்கி இருபது தடவை கேட்டேன். சோலோவுக்குப் பிறகு பாடகர் முந்திக்கொள்வது தெளிவாகக் கேட்கிறது. தாளக்காரன் சாரின் ரோலும் கேட்கிறது. 54ஆவது விநாடியில் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. எந்தக் காதில் கேட்கும்? இடதா, வலதா?


#26 தாளக்காரன்

அது மோனோ ரெக்கார்டு தம்பி. இரண்டிலும் ஒன்றுதான். பாட்டைக் கேட்காதே, பாட்டுக்குப் பின்னால் கேள்.


#27 புதுக்காது

கிடைத்துவிட்டது!!